அரை மில்லிமீட்டர்

கொரகுண்டெபாளையா சிக்னலில்
பஸ் நின்று இருபது நிமிடம்.
டிக்கெட்டை மடிக்கத் தொடங்கினேன்.
நீளவாக்கில் ஐந்து பட்டை,
குறுக்கே நேராக அல்ல, கொஞ்சம் சாய்த்து.
ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு கோடுகள்:
மூன்று மலை, ஒரு பள்ளம்,
அல்லது மூன்று பள்ளம், ஒரு மலை.
இரண்டுக்கு இரண்டு என்று சமாதானமாகப் போனால்
தாள் தட்டையாகப் படியாது.
ஒவ்வொரு நாற்சந்தியிலும்
ஒருவர் மறுத்தே ஆக வேண்டும்.

மடித்து முடித்தால் புளியங்கொட்டை அளவு.
எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தேன்.
மொத்தமும் திறந்தது, ஒரே அசைவில்.
அந்த ஓர் அசைவுக்கு மேல்
அதற்குச் சுதந்திரம் கிடையாது.
அதுதான் அதன் அழகு என்று எழுதி
பரீட்சையில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
வெளியே முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.
அதனால் எதுவும் திறக்கவில்லை.
"செக்கிங் வந்தா இதையா காட்டுவீங்க?" என்றார்
பக்கத்து இருக்கைக்காரர்.

பீண்யா இரண்டாம் கட்டம்.
கீழே பவுடர் கோட்டிங் பட்டறை, மாடியில் நாங்கள்.
விண்ணில் விரிய வேண்டிய சூரியத் தகடு:
நாற்பத்தைந்து துண்டு, எழுபத்தாறு கீல்.
கூரையிலிருந்து நைலான் நூல்களில் தொங்கவிட்டு
பூமி உன்னை இழுக்கவில்லை என்று
அதை நம்பவைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று முறை விரித்தோம்.
மூன்று முறையும் பதினோராவது சந்திப்பில் நின்றது,
சொல்ல வந்ததை மறந்த வாய் மாதிரி.
மோட்டார் முனகியது.

கணினியில் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை.
தாளுக்குத் தடிமன் இல்லை, தகட்டுக்கு உண்டு
என்பதெல்லாம் எனக்கும் தெரியும்.
மலைக்குக் கீழ்முகத்தில் கீல்,
பள்ளத்துக்கு மேல்முகத்தில்.
அப்படி வைத்தால்
நான்கு அச்சும் ஒரே புள்ளியில் கூடாது.
அதையும் சரிக்கட்டியிருந்தேன்,
தடிமனைத் துண்டுக்குத் துண்டு மாற்றி,
நான்கு மாதம், இரண்டு கண்ணாடி.
கணக்கில் மீதம் பூஜ்யம்.

டூல் ரூமிலிருந்து நீலவ்வா வந்தாள்.
ஹாவேரிக்காரி, காதில் பென்சில்.
என் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.
கீலை நகத்தால் தட்டிக் கேட்டாள்.
இன்னொன்றைத் தட்டினாள்.
"ஸ்வல்ப ஜாகா பிடி, மேடம்."

நான் ஒதுங்கி நின்றேன்.
சிரித்தாள்.
எனக்குச் சொல்லவில்லையாம், ஆணிக்காம்.

பிடி.
ஏழு வருஷமாய் இந்த ஊரில் கேட்கும் சொல்.
என் மொழியில் பற்றிக்கொள்,
அவள் மொழியில் விட்டுவிடு.
உதட்டில் கொஞ்சம் அதிர்வுதான் வித்தியாசம்,
எழுதிப் பார்த்தால் அதுவும் இல்லை.
ஒரு கீலிடம் நான் கேட்டதெல்லாம்
முதல் அர்த்தம் மட்டும்.

மூன்று மில்லிமீட்டர் வட்டத்துளை.
உருண்டை அரத்தால் எட்டு இழுப்பு.
மூன்றுக்கு மூன்றரை ஆனது,
வட்டம் முட்டையானது.
எல்லாவற்றிலும் அல்ல, நான்குக்கு ஒன்றில்.
எல்லாவற்றையும் தளர்த்தினால்
கல்யாண வீட்டுத் தோரணம்தான் என்றாள்.

நான்காவது முறை.
பதினோராவது சந்திப்பில்
ஒரு கணம் தயங்கி,
கூட்டத்தில் இறங்குகிறவர் மாதிரி தோளை ஒடுக்கி,
கடந்தது.
நாற்பத்தைந்து துண்டிலும் டியூப்லைட்.
யாரும் கை தட்டவில்லை.
நூல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
அதிகத் துல்லியம் என்று எழுதினேன்.
அழித்தேன். டாலரன்ஸ் என்று எழுதினேன்.
வியாழக்கிழமை அதிர்வு மேசை.
இதே அரை மில்லிமீட்டர் அங்கே கடகடக்கலாம்,
ராக்கெட்டின் உறுமலில் ஆணிகளை உண்ணலாம்.
நீலவ்வாவிடம் கேட்டேன்.
வியாழக்கிழமை பார்ப்போம் என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை.
முன்னாலிருந்து கண்டக்டர் குரல்: ஜாகா பிடி, ஜாகா பிடி.
தோளை ஒடுக்கினேன்.
பையில் காலை டிக்கெட் கிடைத்தது.
நகம் அழுத்திய கோடெல்லாம் கறுத்திருந்தது.
இறங்கிய இடத்தைப் படிக்க முடிந்தது.
ஏறிய இடம்
ஒரு மலைக்குள் போயிருந்தது.